பூட்டிய கொட்டாயில் ஓடிய மோட்டார்

அண்ணனுக்குக் காரியம் முடிந்த மறுநாள், காலை ஆறு மணிக்கு, எங்கள் கரும்புக் கொல்லையில் மோட்டார் தானாக ஓடியது. மோட்டார் கொட்டாய் பூட்டிக் கிடந்தது. சாவி அண்ணியின் இடுப்பில். உயிரோடிருந்தவரை அண்ணன்தான் விடியலில் போய்த் தன் கையால் பட்டனை அழுத்துவார். வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

"உங்கண்ணன் வந்துட்டாருடி," என்றாள் அண்ணி. அதுவரை ஒரு வாய் சோறு ஒழுங்காகச் சாப்பிடாதவள், அன்று தலை வாரி, டீ போட்டு, டம்ளரை மூடி எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனாள். திரும்பி வந்து இரண்டு இட்லியும் சாப்பிட்டாள். தினமும் இதே கதைதான்.

செத்தவர் எங்கேயாவது தண்ணீர் பாய்ச்சுவாரா? யாரிடம் காது குத்துகிறார்கள்! நான் பிறவிச் சந்தேகப் பிராணி. வீட்டுக்காரர் பத்து நிமிஷம் தாமதித்தாலே சட்டையை மோந்து பார்க்கிறவள். அண்ணிக்குத் துணையிருக்க வந்த இடத்தில் என் புத்தி கண்டபடி ஓடியது. இன்னொரு சாவி எவனிடமோ இருக்கிறது. அவன் மோட்டாரைப் போடுகிறான், இவள் டீயோடு ஓடுகிறாள். பக்கத்துக் கொல்லைக்காரர் "சாப்ட்டியாம்மா" என்று அவளைக் கேட்டதுகூட எனக்கு நல்லதாகப் படவில்லை. அண்ணன் போய் ஒரு மாசம்கூட ஆகவில்லையே என்று வயிறு எரிந்தது.

ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போய் மறைந்து நின்றேன். ஒருவரும் வரவில்லை. அண்ணி பூட்டைத் திறந்து, ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே டம்ளரை வைத்தாள். "மாமா, கரும்பு நல்லா வந்துக்குது," என்றாள். பிறகு, "நீ இல்லாம முடியல மாமா," என்று அழுதாள். எனக்கு மானமே போனது போலிருந்தது.

வெட்கம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அவள் மடை திருப்பப் போனதும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஆட்டோ சுவிட்ச் போட்டபடி இருந்தது. அதைப் போட்டுவைத்தால் கரண்ட் வந்ததுமே மோட்டார் தானாக ஓடும். கொல்லைகளுக்குக் கரண்ட் விடுவதே காலை ஆறுக்குத்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அண்ணன் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கே கொல்லைப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய், காரியத்தன்று சாயங்காலம்தான் சரிசெய்தார்கள். பேயாவது பூதமாவது! சுவிட்சை அணைத்துவிட்டு வந்தேன். அவளே தெளியட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அண்ணி டம்ளரோடு வாசலில் காத்து நின்றாள். ஆறரை ஆனது. டீயில் ஆடை கட்டிவிட்டது.

"நேத்து அவராண்ட அழுதுட்டேன்டி," என்றாள். "அதான் கோச்சிக்கினு பூட்டாரா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பாவி, பொய்தான் வந்தது.

"கரண்ட் வரல அண்ணி," என்றேன்.

சுற்றுக் கொல்லைகளில் மோட்டார்கள் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. அண்ணி அதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் வந்துக்குதேடி."