யாருடைய தலைக்கு அந்த எண்ணெய்?

உலகக்கிண்ண உதைபந்தாட்டம் ஜெர்மனிக்கு வருவதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் களவு போகத் தொடங்கியது. நாங்கள் அங்கே ஹம் என்ற நகரத்தில் இருந்தோம். குளிர் வந்தால் எண்ணெய் போத்தலுக்குள் கட்டிபட்டுவிடும் என்று அதைக் குளியலறை ஹீட்டருக்கு மேலே வைத்திருப்பேன். வீட்டில் தலைக்கு எண்ணெய் வைப்பது நான் ஒருத்திதான். என் கணவருக்கு எண்ணெய் வைக்கிற அளவுக்குத் தலையில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் போத்தல் கிடுகிடுவென்று இறங்கியது. பேனையால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அடுத்த கிழமை எண்ணெய் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது.

நான் சும்மாவே சந்தேகக்காரி. அந்த வருடம் அதற்குக் காரணமும் இருந்தது. மேல்மாடியில் குடியிருந்த ஒரு தமிழ் அக்காவின் கணவர் ஒரு நாள் வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. வுப்பர்டால் நகரத்தில் வேறொருத்தியோடு இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. தனக்கு ஒரு துளியும் தெரியாமல் போய்விட்டது என்று அந்த அக்கா எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதா. நான் இரங்கியதைவிடப் பயந்ததுதான் அதிகம். பாஷையும் சரியாக வராத ஊரில் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வேன்? எனக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கணவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ரிமோட்டில் ஓடும் விளையாட்டுக் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில், கூட வேலை செய்யும் இரண்டு ஜெர்மன்காரரோடு சேர்ந்து ஓட்டுவார். அதற்கு முதல் வருடக் குளிர்காலத்தில் அந்தக் கார் பட்ட பாடு கொஞ்சமல்ல. பனி உருகத் தெருவில் கொட்டுகிற உப்பு, உருகிய தண்ணீரோடு உள்ளே ஏறி, திருகாணிகளையும் சில்லுகள் சுழல உள்ளே இருக்கும் பெயாரிங்குகளையும் துருப்பிடிக்க வைத்துவிட்டது. அதன் பிறகு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். உப்பைத் தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் காய வைத்து, கடைசியில் துருவுக்கென்று ஒரு ஸ்பிரே அடிப்பார். அந்த மணம் என் மண்டையைப் பிளக்கும். ஒரு நாள் சத்தம் போட்டேன்: ஒன்றில் இந்த ஸ்பிரே, இல்லாவிட்டால் நான். அவர் பேசாமல் ஸ்பிரேயைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார்.

பேசாமல் போட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. காரில் கிடந்த மனம் வேறெங்கோ திரும்பிவிட்டதோ என்று யோசித்தேன்.

அவருடைய தலையணையை மணந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய்த் தலையையும் மணந்து பார்த்தேன். அதிலும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு போகும் ஜக்கெட்டின் கைகளில் தேங்காய் எண்ணெய் கமகமத்தது. தலையில் இல்லை, கையில் இருக்கிறது. அப்படியென்றால் இந்த மனுசன் யாருடைய தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறார்? கட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு தடவை வைத்துவிட்டதில்லை.

அடுத்த ஞாயிறு அவர் பையோடு இறங்கியதும் நானும் காலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு பின்னால் போனேன். நடைபாதையில் உப்பு நறநறத்தது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பிவிடுவார் என்று பயந்து ஓரத்துப் பனிக்குள்ளால் நடந்தேன். ரயில் நிலையப் பக்கம் திரும்பி எந்த ஊருக்கோ ரயில் ஏறப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் நேரே சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போனார்.

தள்ளுவண்டிகள் நிற்கும் கொட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். கார் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு வளையமாட்டேன் என்று அடம்பிடித்தது, கடைசியில் நின்றே விட்டது. கூட்டாளிகளில் ஒருவர் அதைக் கவிழ்த்து, சில்லுக்குள் இருந்து வெள்ளையாக எதையோ நகத்தால் சுரண்டினார். உப்பு என்று நினைத்திருப்பார். மணந்து பார்த்துவிட்டு, இது கேக்குக்குப் போடுகிற சாமானா என்று கேட்டார். மற்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவர் குனிந்த தலை நிமிரவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன உயிர் திரும்பி வந்ததில் கால் வழுக்கி வண்டிகளின் மேல் சாய்ந்தேன். வரிசை முழுக்கக் கடகடத்தது. கணவர் காரும் கையுமாக என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, என்ர எண்ணெயைக் காருக்கோ ஊத்தினனீங்கள்?"

"உமக்கு அந்த ஸ்பிரே மணம் ஏலாது எண்டு சொன்னீரல்லோ," என்றார். "ஆணியளுக்குப் பூசிப் பார்த்தன், துருப்பிடிக்கேல்லை. அதுதான் இண்டைக்குப் பெயாரிங்குக்கும் விட்டனான். குளிருக்கு இறுகுமெண்டு யோசிக்கேல்லை."

எண்ணெய் ஏன் ஹீட்டருக்கு மேலே இருக்கிறது என்று இத்தனை வருடமாக அவர் யோசித்ததே இல்லைப் போலிருக்கிறது.

அதற்குள் அவர் என் சப்பாத்தில் அப்பியிருந்த பனியைப் பார்த்துவிட்டார். நான் எதற்கு அங்கே வந்தேன் என்று கேட்டார். குளிருக்குத் தேத்தண்ணி தரலாமென்று வந்ததாகச் சொன்னேன். என் கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

மேல்மாடி அக்காவின் கதை அவருக்கும் தெரியும். சில்லொன்றை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடு காட்டியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்தமுறை பின்னால வரேக்கை பிளாஸ்கையும் கொண்டு வாரும். நாலு பேருக்குப் போதுமான தேத்தண்ணியோட. நீரும் குளிருக்கைதானே நிக்கப் போறீர்."