வரப்பில்லாத மலை

கொடைக்கானலுக்கு மேலே, புல் மூடிய சரிவில் ஏறிக்கொண்டிருக்கிறோம். முன்னால் நான், பின்னால் என் மனைவி அஞ்சலை, கடைசியில் ஆறு வயது மகள் செல்வி. உழுபவனுக்கே நிலம் என்று எங்கள் ஊரான பூதலூரில் சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. நாங்கள் குத்தகைக்கு உழுத வயலை மட்டும் மிராசுதார் பிடுங்கிக்கொண்டார், வழக்கு நடக்கிறது. நடவு நேரத்தில் வெறுங்கையோடு ஊரில் இருக்க மனமில்லாமல், மச்சான் வேலை பார்க்கும் இந்த மலைக்கு வந்திருக்கிறோம்.

மேலே சோலைக்காட்டிலிருந்து ஒரு பெண் சுள்ளிக்கட்டோடு இறங்கி வருகிறாள். அந்நேரம் பார்த்து செல்வி ஒற்றையடிப் பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடுகிறாள்.

"ஏய், பயிர மிதிக்காத! வரப்புல ஏறு!" என்று கத்திவிடுகிறேன்.

சுள்ளிக்காரப் பெண் சிரிக்கிறாள். "வெறும் புல்லுங்க. புள்ள ஓடட்டும். நீங்களும் ஏன் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போறீங்க? இவ்வளவு எடம் கெடக்குதே."

"வரப்புலயே நடந்து பழகிட்டோம்ங்க," என்கிறாள் அஞ்சலை.

நான் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்க்கிறேன். கறுப்பாக, ஈரமாக இருக்கிறது. "இது யாரு பட்டாங்க?"

"சர்க்காரு காடு. மாடுதான் மேயுது."

அவள் இறங்கிப் போகிறாள். அஞ்சலை பாதையை விட்டு என் பக்கத்தில் வந்து நடக்கிறாள். எட்டு வருஷமாக வயலுக்குப் போகும்போதெல்லாம் பின்னால் அவள் காலடிச் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். இன்றுதான் நடக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

"நம்ம வயல்ல இந்நேரம் யாரு நடவு நடுறாங்களோ?" என்கிறாள்.