வாழைத்தோலும் கரண்ட் சூளையும்

இருட்டிய பிறகு கொல்லைப் பக்கமிருந்து 'டக்... டக்' என்று யாரோ நாக்கைச் சொடுக்குகிற மாதிரி சத்தம். பயப்படாதீர்கள், கரண்ட் சூளையில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ரிலே சுவிட்சின் சத்தம் அது என்று சூளையை விற்றவர் சொன்னார். கொல்லையில் ஆயிரம் டிகிரியையும் வீட்டுக்குள் தொட்டிலையும் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும்: இந்தத் தொழிலில் பானைக்கு முன்னால் வேகிறது நம் வயிறுதான்.

வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் வருவார். பிள்ளை பிரின்சிக்கு ஒன்றரை வயது. சூளை ஓடும் ராத்திரிகளில் கொல்லைக்குத் திறக்கிற அடுப்படிக் கதவைத் தாழ் போட மாட்டேன். தீ என்றால் இருட்டில் தாழைத் தேடாமல் ஓடிப்போய், சூளை நிற்கிற ஷெட்டில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டுமே. தாழ் போட்டால் தீக்குப் பயம், போடாவிட்டால் திருடனுக்குப் பயம்.

பச்சைத் தோல்

நாங்கள் பானைக்குச் சாயம் பூசுவதில்லை. மண் பெட்டிக்குள் பானையை வைத்து, சுற்றிலும் வாழைத்தோல், தேங்காய் நார், ஏலக்காய்த் தொலி என்று அடைத்து மூடிச் சூளையில் ஏற்றுவோம். அவை கருகும்போது பானை மேல் தாமே படம் போட்டுவிடும். முதல் தடவை நான் பச்சைத் தோலை அப்படியே திணித்து, மூடியைச் சுற்றி மண்ணை இறுக்கிப் பூசிவிட்டேன். ஆவி போக வழியில்லாமல் பெட்டி வெடித்தது. பிரின்சியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினேன்.

உதவிக்கு இருக்கும் பாண்டியக்கா, முன்பு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவள், மறுநாள் சில்லுகளைப் பெருக்கிக்கொண்டே, "கான்வென்ட்ல படிச்சியே, அங்கன பச்ச வெறகவா எரிச்சாக?" என்றாள். அன்றிலிருந்து தோலை மொட்டை மாடியில் காயப்போடுவது அவள், பெட்டி கட்டுவது அவள், மூடியோரம் ஈர்க்குச்சி நுழையும் அளவு துளை விடுவதும் அவள். ஒரு பெட்டிகூட வெடித்ததில்லை. எத்தனை நாள் காய வேண்டும் என்று நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

"காதுகிட்ட வச்சு நொறுக்கிப் பாரு ஆத்தா. அப்பளம் மாதிரி சத்தம் வந்தா வையி. இதுக்கு எதுக்கு நோட்டு?"

கம்பத்து அக்கா

கம்பத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற வீட்டு அம்மா ஒருவர் ஜாடி பார்க்க வந்தார். பழுப்பும் சாம்பலும் ஓடிய ஒரு ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று முறை திருப்பினார். என்ன பெயிண்ட் என்று கேட்டார். வாழைத்தோல், ஏலக்காய்த் தொலி என்றேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நாங்க தெனம் குப்பைத் தொட்டியில கொட்டுறதெல்லாம் டிசைனா தங்கச்சி?"

பழைய குருத்தோலை

கான்வென்ட்டில் எனக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர், ராயப்பன்பட்டிப் பக்கமிருந்து ஒரு கட்டு குருத்தோலையோடு வந்தார். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்தது. குப்பையில் போடக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும். பாண்டியக்கா ஓலைகளை ஒவ்வொன்றாகப் பானையில் சுற்றி நூலால் கட்டினாள், பிள்ளைக்குத் தலை பின்னுகிற பக்குவத்தோடு. சூளை ஆறியதும் எடுத்தோம். கழுத்திலிருந்து அடிவரை மெல்லிய கருங்கோடுகள், மழை இறங்கின மாதிரி. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அஞ்சு வருஷம் உன் நோட்டுல நேர்கோடு தேடினேன். இங்கன வந்து பாத்துட்டேன்."

சுவிட்ச்

ஒரு காலையில் பாண்டியக்கா அடுப்படிக் கதவைத் தள்ள, அது என் முதுகில் இடித்தது. பிரின்சியை மடியில் போட்டு, திருடனுக்குக் காவலாய்க் கதவில் சாய்ந்தே தூங்கியிருக்கிறேன். இனி முடியாது, சூளையை விற்றுவிடப் போகிறேன் என்று அழுதேன். தாழ் போடாத கதையையும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள். ஷெட்டுக்குப் போகிற வயர் அடுப்பு மேடைக்கு மேலேதான் ஓடுகிறது.

"வயரு இங்கன தான போகுது? சுவிட்ச இங்கனயே வச்சா, நீ எதுக்கு அங்கன ஓடணும்?"

இரண்டு வருஷம் சூளையின் இங்கிலீஷ் கையேட்டைக் கரைத்துக் குடித்தவள் நான். அன்று மாலையே எலெக்ட்ரீஷியன் வந்து, பிரின்சிக்கு எட்டாத உயரத்தில் சுவிட்சை மாட்டினார். இறங்கி, ஸ்க்ரூ டிரைவரைப் பையில் செருகினார்.

"நான் ஐ.டி.ஐ., நீங்க கான்வென்ட். கடைசியில அந்தக்கா தானே கண்டுபிடிச்சாக."

இதோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லையில் 'டக்' என்கிறது. சூளையை எப்படி எரிப்பது என்று நான் படித்த அத்தனை பக்கங்களிலும் இல்லாத ஒன்றைப் பாண்டியக்கா சுவரில் படித்துவிட்டதால், எழுந்துபோய்க் கதவை உள்ளிருந்து தாழ் போட்டுவிட்டு வந்தேன்.