பொனட்டின் மேல் ஒரு கை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போனால் இரண்டாவது வளைவிலேயே பைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடுகிற ஆள் நான். ஆனால் ஒரு பழைய காரின் பின்விளக்கை மட்டும் படத்தில் காட்டுங்கள், அது என்ன கார், ஏறக்குறைய எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவேன். கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது, முன்கண்ணாடி ஒரே துண்டா இரண்டு துண்டா, சக்கரத்து மூடி தட்டையா குவிந்ததா, இவ்வளவு தெரிந்தால் போதும். வருடக்கணக்காகக் கரும்பலகையில் கோணமும் வட்டமும் வரைந்த கணக்கு டீச்சரின் கண்ணுக்கு இது பெரிய வித்தையில்லை.

பெற்றோல் இல்லாமல் நாடே நின்றுபோன அந்த வருடத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. ரோட்டில் ஒரு வண்டி ஓடவில்லை, நானோ வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் கார் பார்த்துக்கொண்டிருந்தேன். இணையத்தில் அதற்கென்றே ஒரு குழு இருந்தது. யாராவது பழைய படத்தைப் போட்டு "இது என்ன கார்?" என்று கேட்பார்கள். வேறு வேலையில்லாதவர்கள் எல்லாரும் விழுந்தடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அவர்களில் நானும் ஒருத்தியானேன். என் முகத்துக்குப் பதிலாக ஒரு காரின் படத்தைப் போட்டிருந்ததால் எல்லாரும் என்னை "சேர்" என்றார்கள். நான் திருத்தவில்லை. வருகிற மரியாதையைக் கெடுத்துக்கொள்வானேன்.

எனக்குக் கோபம் வரவைப்பது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரில் பழைய கார் என்றாலே எல்லாருக்கும் அது மொரிஸ் மைனர். நீளமோ குட்டையோ, உருண்டையோ சதுரமோ, எதைக் காட்டினாலும் மொரிஸ் மைனர். என் கணவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான். கடைவீதியில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்ததும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னா டீச்சர், மொரிஸ் மைனரா?" என்று கேட்பார். என்னைச் சீண்டுவதற்கென்றே கேட்கிறார் என்று தெரியும். தெரிந்தும் தவறாமல் கோபப்படுவேன்.

போன வருடம் நீலகிரியிலிருந்து, கூடலூர் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு காரின் முன்பக்கம். அதன் முன்னால் வேட்டி கட்டிய ஒருவர், அவர் மனைவி, சேலை கட்டிய ஓர் இளம்பெண், எட்டு ஒன்பது வயதில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண். படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தாள்:

"சின்னப் பொண்ணா நிக்கிறது எங்கம்மா. சேலை கட்டி நிக்கிறது பெரியம்மா. சிலோன்ல எடுத்த படம். தாத்தா குடும்பம் இந்தியாவுக்கு வந்தப்ப பெரியம்மா மட்டும் அங்கயே நின்னுட்டாங்க. எந்தத் தோட்டம்னு எங்களுக்குத் தெரியல. இந்தக் காரு யாரோடதுன்னு தெரிஞ்சா தோட்டம் தெரியுமா சார்? அம்மாவுக்கு அவங்க அக்காவ ஒரு தடவ பாக்கணும்."

எங்கள் மலையில், தோட்டத்து ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில், இந்தக் கதை இல்லாத லயம் கிடையாது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, தாய்க்கு இந்தியாவும் மகளுக்கு இலங்கையும் விழுந்த வீடுகள் எத்தனையோ. அந்த அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, புருஷன் பக்கம் இலங்கைப் பிரஜாவுரிமை. மற்றவர்கள் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறினார்கள். அழுதுகொண்டே போனதால் அதை ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். ஏறிய இடம் ஹட்டன் என்பது அந்தச் சின்னப் பெண்ணுக்கு நினைவிருந்தது. தோட்டத்தின் பெயரும் நினைவிருந்தது. புதுத்தோட்டம்.

அங்கேதான் சிக்கல். எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். தோட்டத்து ஆபீசான கந்தோரின் புத்தகத்தில் வெள்ளைக்காரன் வைத்த இங்கிலீஸ் பெயர், எங்கள் வாயில் நாங்கள் வைத்த தமிழ்ப் பெயர். யாரோ எப்போதோ புதிதாகத் தேயிலை போட்ட இடமெல்லாம் எங்களுக்குப் புதுத்தோட்டம்தான். எனக்குத் தெரிந்தே இந்தச் சுற்றுவட்டாரத்தில் பல புதுத்தோட்டங்கள் உண்டு. இங்கிலீஸ் பெயர் இருந்த கடதாசிகளெல்லாம் கூடலூர் மழையில் ஊறிப்போய்விட்டனவாம்.

குழுவில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? டயரைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒருவர் அந்த நாலு பேரின் முகத்தையும் வெட்டியெறிந்துவிட்டு, காரை மட்டும் பெரிதாக்கிப் போட்டார். அந்தப் பிள்ளை கேட்டது என்ன, இவர்கள் பேசுவது என்ன! எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ எழுதி, பிறகு அழித்துவிட்டு, விடையை மட்டும் போட்டேன். அது ரோவர் 75. அந்தக் காருக்கு ஆரம்பத்தில் இரண்டு பக்க விளக்குகள் போதாதென்று நடுவிலும் ஒன்று வைத்திருந்தார்கள். படத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் இடையே தெரிந்தது அந்த நடு விளக்குதான். இங்கே அதிகம் ஓடிய கார் அல்ல.

அதற்குப் பிறகு ஒரு கொழும்புக்காரர், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரையிடம் அப்படி ஒன்று இருந்ததாகத் தான் கேள்விப்பட்டதை எழுதினார். விசாரித்தால் அந்தத் தோட்டத்துக்கும் தமிழில் புதுத்தோட்டம் என்றே பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பி, "சேர் இல்லை, டீச்சர்" என்றும் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. லயம் லயமாகப் படத்தைக் காட்டினோம். தேத்தண்ணி கொடுத்தார்கள், பாவப்பட்டார்கள், இந்தியாவுக்குப் போன தங்கள் ஆட்களைப் பற்றிச் சொன்னார்கள். இந்த முகங்களை யாரும் கண்டதில்லை. வெறுங்கையோடு இறங்கி வரும்போது பின்னால் துரையின் ஜீப் வந்தது. நான் சட்டென்று ரோட்டை விட்டு, ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றேன். நல்ல சேலை, காலில் புதுச் செருப்பு, பட்டதாரி ஆசிரியை. இப்போதைய துரையும் வெள்ளைக்காரர் இல்லை, எங்களை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் லயத்தில் பிறந்த கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது. பக்கத்தில் பார்த்தால் என் கணவரும் கானுக்குள்தான் நிற்கிறார்.

ஜீப் போன பிறகு போனை எடுத்து மறுபடியும் படத்தைப் பார்த்தேன். இத்தனை நாளும் விளக்கைப் பார்த்தேன், கம்பிகளைப் பார்த்தேன், பொனட்டின் வளைவைப் பார்த்தேன். அந்தப் பொனட்டின் மேல் சின்னப் பெண்ணின் கை இருந்தது. பட்டும் படாமலும் அல்ல, தன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறமாதிரி நன்றாக ஊன்றியிருந்தது.

"இங்க பாருங்க," என்றேன். "லயத்துப் புள்ள தொரை காருல இப்புடிக் கைய வைக்குமா?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். "வச்சிருந்தா அப்பன்காரனுக்கு அன்னிக்கே பத்துச்சீட்டு," என்றார். தோட்டத்தை விட்டே விரட்டிவிடுவார்கள் என்று அர்த்தம்.

"அப்ப இது தொரை காரு இல்ல. கை வச்சா ஏசாத ஆளோட காரு."

"கிளாக்கரா இருக்குமோ?"

"கிளாக்கரா? அவங்க சைக்கிள்லயே கை வைக்க ஏலாது."

"அப்ப டாக்கரையாதான்," என்றார் அவர்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவரை, படித்த டாக்டரோ இல்லையோ, நாங்கள் டாக்கரையா என்போம். சீமைக்குத் திரும்பிப் போகிற துரைமார் பழைய காரை அவர்களுக்கு விற்றுவிட்டுப் போவதும் உண்டு. மருந்து கட்டுகிறவருக்கு லயத்துப் பிள்ளைகளைத் தொட்டுப் பழக்கம். தன் காரைத் தொட்டால் அவர் சீறியிருக்க மாட்டார். இதை என் கணவர் சொன்னபோது எனக்கு அவர்மேல் பெருமையாகவும் இருந்தது, நான் சொல்லாமல் போனேனே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வேலையை அவரே எடுத்துக்கொண்டார். இரும்புக் கடைக்கு எல்லாத் தோட்டத்து ஆட்களும் வருவார்கள். மண்வெட்டி வாங்க வந்தவரிடமும் கேட்டார், தகரம் வாங்க வந்தவரிடமும் கேட்டார். ரோவர் என்று சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரியும். "மூணு லைட்டு வச்ச காரு, டாக்கரையா காரு, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றுதான் கேட்டிருக்கிறார். ஒரு நாள் மத்தியானம், கடையில் ஆள் நெரிசலாக இருக்கும் நேரத்தில் எனக்குப் போன் அடித்தார்.

"டீச்சர், கண்டுபுடிச்சாச்சு. மொரிஸ் மைனர் இல்ல."

"விளையாடாம சொல்லுங்க."

"முக்கண்ணன் காராம். அப்புடித்தான் சொல்லுவாங்களாம். தகரம் வாங்க வந்தவரு சொல்றாரு, அவங்கம்மா அவரப் பெக்குறதுக்கு அந்தக் காருலதான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். டிக்கோயாவுக்கு அங்கிட்டு இருக்க புதுத்தோட்டம்."

கூடலூருக்கு உடனே சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. தோட்டம் இருக்கிறது, அக்கா இருக்கிறாரா? அத்தனை வருடம் கழித்து "இன்ன இடத்தில் புதைத்திருக்கிறார்கள்" என்று சொல்லவா ஒருத்தியைக் காக்கவைத்தேன் என்று பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாங்களே போனோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி மேலே ஏறினோம். முதலில் எதிர்ப்பட்ட பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தும் அவளுக்கு முகம் தெரியவில்லை. ஆனால் தாய் தகப்பனெல்லாம் இந்தியாவுக்குப் போய், தனியாக நின்றுவிட்ட ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டதும் கையை நீட்டி லயத்தைக் காட்டினாள்.

வாசலில் ஓர் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிள்ளைகள் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறார்கள், வீட்டில் அவர் மட்டும்தான். படத்தைக் கையில் வாங்கியவர் காரைப் பார்க்கவே இல்லை. "எங்கப்பா," என்றார். பிறகு, "எங்கம்மா." சேலை கட்டிய பெண்மேல் விரலை வைத்து, "இது யாரு, நானா?" என்று கேட்டார்.

தங்கை தேடுகிறார் என்று சொன்னேன். பல வருடமாகத் தேடுகிறார்கள் என்றும் சொன்னேன். சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தது என் புத்தி. அவர் முகம் இறுகிவிட்டது.

"தேடுனாங்களா? எதுக்குத் தேடணும்? நா எங்கயும் போகலையேம்மா. அவங்க வுட்டுட்டுப் போன அதே பத்துக்காம்பராவுலதானே இருக்கேன்."

அந்த நீள லயத்தில் பத்து வீடுகள். அவர் வீடு கடைசி.

உங்கள் அப்பா கடிதம் போட்டாராம், தங்கையின் மகள் சொன்னாள் என்றேன். புதுத்தோட்டம், ஹட்டன் என்று எழுதியிருக்கிறார், தபால் கந்தோருக்கு அந்தப் பெயர் தெரியாது, எந்தப் புதுத்தோட்டத்துக்கென்று அவர்கள் கொடுப்பார்கள்? பதில் வராததால் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்து அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எல்லாம் சொன்னேன். அவர் கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நா கோவமாத்தான் இருந்தேன்," என்றார்.

தங்கையோடு போனில் பேசுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இனிமேல் பேசி என்ன ஆகப்போகிறது என்றார். என் கணவர் வாசல் படியில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து கீரை ஆயத் தொடங்கினார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கிற நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டேன். வெகுநேரம் போன பிறகு அவராகவே, "அங்கயிருந்து மூஞ்சி தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று சொல்லிக் கூடலூருக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். மகள்தான் எடுத்தாள். "அம்மாகிட்டக் குடும்மா, அக்கா இருக்காங்க," என்றேன். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்ட சத்தம், யாரோ ஓடிவரும் சத்தம். பிறகு திரையில் நரைத்த தலையோடு ஒரு முகம் வந்தது. நான் போனை அக்காவின் கையில் வைத்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். ஏசப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அம்மா," என்றார்.

அங்கிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அம்மா இல்லக்கா. அம்மா செத்துப்போச்சு. நாந்தான்க்கா, சின்னவ."

"தெரியுதுடி. நீ சின்னவதான்னு தெரியுது," என்றார் அக்கா. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "செத்த நேரம் அப்புடியே இரு. மூஞ்சிய ஆட்டாத. நா அம்மாவப் பாத்துக்கிறேன்."

கூடலூரில் அந்தத் தங்கை, கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்காமல் அப்படியே இருந்தார்.