குதிரை வாடை இல்லாத டப்பா

மகளின் கம்பெனியிலிருந்து நேற்று ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கோப்பை, அஸ்வகந்தா மாத்திரை டப்பா, கூடவே ‘கவலையின்றிப் பணியாற்றுங்கள்’ என்று ஒரு வாழ்த்து அட்டை. டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. சுள்ளென்று கோபம் வந்தது. இந்த வயதில் மாத்திரை டப்பாவின்மேல் என்ன கோபம் என்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அதற்கு அமுக்கரா என்று பெயர். அல்சூர் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையில் கிழங்காக வாங்கி, பால் ஆவியில் அவித்து, வெயிலில் காயவைத்து, என் மனைவி இடித்துச் சலிப்பாள். அன்று முழுக்க வீடு குதிரை லாயம் மாதிரி நாறும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஒரு மோட்டார் தொழிற்சாலையில் நான் ஆள் விவகாரம் பார்க்கும் பெர்சனெல் ஆபீசர். ஆர்டர்கள் குறைந்துகொண்டிருந்தன, ஆளைக் குறை என்று மேலே கத்தினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. அமுக்கராப் பொடியைப் பாலில் கலந்து கொடுத்தாள் மனைவி. தூங்கினேன். அவ்வளவுதான், புதிதாக மதம் மாறியவனைப் போல எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்தேன். டைப்பிஸ்ட் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்.

தனராஜ் அப்போதுதான் என் அறைக்கு வந்தான். ஜோகுபாளையத்துக்காரன், மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிறவன். செகண்ட் ஷிஃப்ட் முடித்து வீடு போய்ச் சேர்ந்தால், மறுநாள் காலை மறுபடி ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். ஆள் குறைந்ததால் வாரத்தில் பாதி நாள் இப்படித்தான். கை நடுங்கியது, கம்பி அறுந்தது, மெமோ வந்தது. தன்னை ஒரே ஷிஃப்டில் போடும்படி கேட்டான்.

“சும்னே கேக்கல சார். கை நிக்க மாட்டேங்குது, பாருங்க” என்று எங்கள் ஊர்க் கன்னடம் கலந்த தமிழில் சொல்லி, என் மேஜைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தான்.

நான் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று பயந்தேன். மேஜை இழுப்பறையிலிருந்து, எனக்காக வைத்திருந்த பொடி பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“டென்ஷன்தான்பா உனக்கு. பால்ல கலந்து குடி. ஷிஃப்ட்டு இப்போ ஆகாது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று என் மனம் எவ்வளவு குளிர்ந்திருந்தது தெரியுமா? நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

சில வாரம் கழித்து பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தான். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்பக் கூடாதென்று, அவன் மனைவி அதில் கறிவேப்பிலைப் பொடி நிரப்பியிருந்தாள். பொடி எப்படி என்று பெருமையாகக் கேட்டேன்.

“நல்ல பொடி சார். தூக்கம் நல்லா வருது. தூங்கத்தான் டைம் இல்ல.”

கேலி இல்லை அதில். உள்ளதைச் சொன்னான். நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், மதியம் ஆபீசர்கள் சாப்பாட்டு அறையில் அதை ஜோக்காகவும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வீட்டுக் கறிவேப்பிலைப் பொடியைத்தான் அப்போது சோற்றில் பிசைந்துகொண்டிருந்தோம்.

அடுத்த வருடம் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. விருப்பம் என்பது பேச்சுக்கு. மெமோ வாங்கியவர்களைத்தான் முதலில் கூப்பிட்டோம். கூப்பிட்டவன் நான். தனராஜ் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தபோது கைகொடுத்தேன். அவன் கை அப்போதும் நடுங்கியது. அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. தேடவுமில்லை.

நேற்று மகளிடம் கேட்டேன், விடிய விடிய அமெரிக்காக்காரனோடு பேசும் வேலையை மாற்றித் தரச் சொல்லக் கூடாதா என்று. மாத்திரை டப்பாவுக்கு நன்றி தெரிவித்து மெயில் எழுதிக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்:

“யார் கிட்டப்பா போய்க் கேக்கறது?”

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. நாட்டு மருந்துக் கடை இல்லை. பொடி இடித்தவளும் இல்லை. நடுங்கும் கைகளை விரித்துக் காட்ட அன்றைக்கு ஒரு மேஜையாவது இருந்தது. அதன் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.