உடைத்துப் பார்த்த கோள்

உடன்குடி பஜாரில் தேவகனியின் கருப்பட்டிக் கடைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால் கால் கிலோ வாங்குவதற்குள் பொறுமை போய்விடும். திருச்செந்தூர் போகிற கூட்டம் ஓய்ந்திருக்கும். அவள் வீட்டுக்காரர் தங்கதுரை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார். தேவகனியோ தராசுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதிலேயே கண்ணை நட்டிருப்பாள். "எக்கா, கருப்பட்டி!" என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்படி என்னதான் பார்க்கிறாள், சீரியலா? அதுதான் இல்லை. எங்கேயோ கிடக்கிற ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் இம்மியளவு மங்குகிறதா என்று பார்க்கிறாள்!

நாற்பத்து நாலு வயது. தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்த கையோடு கல்யாணம். மேலே படிக்கவில்லையே என்று மூக்கைச் சிந்துகிற ஆள் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன் கல்லூரியில் பழைய மாணவர் கூட்டம் நடந்தது. பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் பெவின் அங்கே பேசினார், அவரும் தூத்துக்குடிக்காரர்தான். விண்வெளித் தொலைநோக்கி அனுப்புகிற விவரம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, கம்ப்யூட்டர் தவறவிடுவதை மனுஷக் கண் பிடித்துவிடும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே தேவகனி போனில் தன் பெயரைப் பதிந்துவிட்டாள்.

விஷயம் ஒன்றும் சிக்கலானது இல்லை. நட்சத்திரத்துக்குக் குறுக்கே அதன் கோள் போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். குறைகிற அளவை வைத்துக் கோளின் அளவைச் சொல்லிவிடலாம். கொஞ்சமாகக் குறைந்தால் சின்னக் கோள், நம் பூமி போலப் பாறையாக இருக்கலாம். அதிகமாகக் குறைந்தால் பெரிய வாயு உருண்டை. ஐந்து வருஷமாக ஆயிரக்கணக்கான வரைபடங்களைப் பார்த்தும் அவள் கையில் ஒன்றும் சிக்கவில்லை. போன ஐப்பசியில், அடைமழையில் ஒரு ஈ காக்காகூடக் கடைப்பக்கம் வராத நாளில், ஒன்று சிக்கியது. ஒன்பது நாளுக்கு ஒரு தரம், சொல்லிவைத்தாற்போல மங்கியது. பெயர்கூட இல்லாத நட்சத்திரம், வெறும் எண்தான். அந்த எண்ணைப் பெவினுக்கு அனுப்பிவைத்தாள்.

பங்குனியில் பெவின் போன் செய்தார். "எக்கா, பூமிய மாதிரி ஒண்ணேகால் மடங்கு. பாறையாத்தான் இருக்கும். கட்டுரைய அனுப்பப் போறோம், அதுல ஒங்க பேரும் வருது."

தங்கதுரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பஜார் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எதிர்த்த பாத்திரக்கடை அண்ணாச்சி கடைக்கே வந்து, "ஏளா தேவகனி, அங்கன கருப்பட்டி யாவாரத்துக்கு எடம் கிடைக்குமா?" என்று கேட்டார். தேவகனி சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள். அப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் காலையில் புதுச் சரக்கு வந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் அனுப்பிய சரக்கானாலும் ஓலைப்பெட்டிக்கு ஒரு கருப்பட்டியை உடைத்துப் பார்த்த பிறகுதான் எடை. உள்ளே மங்கலாக இருந்தால் நல்ல சரக்கு. பளபளவென்று மின்னினால் சீனி கலந்திருக்கிறது, அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தேவகனி முதல் கருப்பட்டியை ஓங்கித் தட்டினாள். தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

'அந்தக் கோளை நான் உடைத்துப் பார்த்தேனா?'

கல்யாணமான முதல் வருஷம் அவள் தம்பி சிவபாலன் அனுப்பிய சரக்கை அவள் உடைக்கவில்லை. நம்ம வீட்டுச் சரக்குதானே என்று அப்படியே விற்றுவிட்டாள். பிள்ளை பெற்ற மகளுக்கென்று வாங்கிப்போன குலசேகரன்பட்டினத்துப் பெண் ஒருத்தி மூன்றாம் நாள் திரும்பி வந்து, மின்னுகிற துண்டைத் தராசில் வைத்தாள். அத்தனையும் சீனி! அப்போது கடையைப் பார்த்துக்கொண்டது தங்கதுரையின் அக்கா சுடலைச்செல்வி. புது மருமகள் ஓலைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்த ஞாபகத்தோடுதான் மத்தியானம் லேப்டாப்பைத் திறந்தாள். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் பாதிக்குப் பாதி ஜோடியோடு இருப்பவை என்று எப்போதோ படித்தவள்தான். தன் நட்சத்திரம் மட்டும் தனி என்று எப்படி நம்பினாள்? ஜோடி இருந்தால் இரண்டு வெளிச்சமும் கலந்து ஒன்றாக வந்து சேரும். ஒன்று மங்குவதை மற்றது மூடிவிடும், பெரிய கோள்கூடச் சின்னதாகத் தெரியும். பழைய வான்படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பெரிதாக்கினாள். நட்சத்திரம் வட்டமாக இல்லை. பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கிடப்பது போல ஒரு பக்கம் லேசாக நீண்டிருந்தது.

பெவினிடம் சொன்னால் பாறை போகலாம், கட்டுரை போகலாம், பெயரும் போகலாம். தங்கதுரை எந்த முகத்தோடு பஜாரில் நடப்பார்? சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சாயங்காலம் சுடலைச்செல்வி கடைக்கு வந்தபோது, அடக்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சுடலைச்செல்விக்கு நட்சத்திரம் புரிந்ததோ இல்லையோ, "ஒனக்குச் சந்தேகம் வந்துட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துட்டு மைனி."

"பின்ன என்னத்துக்குளா எங்கிட்ட கேக்கே?"

தேவகனி அங்கேயே நின்று பெவினுக்குப் போன் செய்தாள். அவர், "பெரிய தொலைநோக்கியில பாக்கதுக்கு எழுதிப் போட்டிருந்தோம்க்கா. இன்னும் மொற வரல. கட்டுரைக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டோம். எங்க தப்புதான், நிறுத்தி வைக்கேன்" என்றார்.

நான்கு மாதம். தேவகனிக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரக்கடை அண்ணாச்சி, "பேப்பர்ல எப்பளா வருது?" என்று கேட்கும்போதெல்லாம் கடைக்குள்ளே போய் எதையாவது உருட்டினாள். தங்கதுரையும் பஜார்ப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார், பாவம்.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்துப் பெவின் கூப்பிட்டார். "எக்கா, ரெண்டு நட்சத்திரம்! நீங்க சொன்னது சரி. ரெண்டுல மங்கலான நட்சத்திரத்த இந்தக் கோள் சுத்துச்சுன்னா வாயு உருண்டைதான், எல்லாம் போச்சுன்னு பயந்தோம். நல்லவேள, பிரகாசமான நட்சத்திரத்தத்தான் சுத்துது. ஒண்ணேகால் இல்ல, ஒண்ணரை மடங்கு. எடை தெரியாம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனாலும் பாறையாத்தான் இருக்கும். அதுக்கு வானத்துல ரெண்டு சூரியன்க்கா!"

தேவகனி தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். கடைசியில் பெவின் கேட்டார்: "கட்டுரை முடிவுல நன்றி சொல்லுவோம். நீங்க யாருக்காவது சொல்லணுமா?"

"சுடலைச்செல்வி."

"எந்த நிறுவனம்க்கா?"

"உடன்குடி பஜார்னு போடுங்க."

கட்டுரை வெளியான அன்று அதை அச்செடுத்துச் சுடலைச்செல்வியின் கையில் கொடுத்தாள். இங்கிலீஷ் எழுத்து. தேவகனி விரல் வைத்த இடத்தையே அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என் பேரு எதுக்குளா? நான் என்ன செஞ்சேன்?"

"அன்னைக்கு எந்தம்பி சரக்க ஊர்ஊராப் போயி நீங்கதான் திருப்பி வாங்குனீங்க. ஒவ்வொரு வீட்டுலயும், 'நாந்தான் ஒடைக்காம எடுத்துட்டேன்'னு சொன்னீங்களாம். குலசேகரன்பட்டினத்துக்காரி பத்து வருஷம் கழிச்சு எங்கிட்ட சொன்னா. எம் பேரு கெடாமப் பாத்துக்கிட்டீங்க மைனி. எப்படி நன்றி சொல்லன்னு இத்தன நாளாத் தெரியல."

சுடலைச்செல்வி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பெட்டி வந்து எறங்கிக் கெடக்கு. போயி ஒடைளா" என்றாள்.