முயலுக்குப் போட்ட சத்துமா

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று ஆறையும் வளர்த்தேன். பேரப்பிள்ளைகளில் நாலு பேர் என் மடியில் உட்கார்ந்துதான் சோறு தின்றார்கள். ஒன்றுகூட மெலிந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு வருவதைப் படித்துவிட்டு எனக்கு வளர்க்கத் தெரியாது என்று யாரும் நினைக்கக் கூடாது.

எங்கள் தோட்டம் எஹலியகொடவுக்கு மேலே இருக்கிறது. பாதி ரப்பர், பாதி தேயிலை. என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது மாதம் ஒரு தடவை, வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வைத்து நிறுப்பார்கள். மருத்துவிச்சி அம்மா கார்டில் ஒரு புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். கோடு ஏறினால் சிரிப்பார். படுத்தால் எல்லோர் முன்னாலும் ஏசுவார். என்னை ஏசியதே இல்லை. எனக்கு எழுத்து கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கோட்டை நன்றாக வாசிப்பேன்.

போன வருசம் பேத்தி ஒரு முயல்குட்டி கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி கொடுத்ததாம். வெள்ளைக் குட்டி, காது மட்டும் சாம்பல். என் மகன் கொழும்பில் வேலை. மருமகள் விடியவே துணி தைக்கும் கார்மெண்டுக்கு வேன் ஏறிவிடுவாள். பேத்தியும் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் நானும் முயலும்தான்.

வந்த அன்றே தூக்கிப் பார்த்தேன். கைக்கு எலும்பு தட்டுப்பட்டது.

"என்னா புள்ள, எலும்பு தெரியுது? இதுக்கு யாரும் திங்கக் குடுக்கலியா?"

"அது அப்பிடித்தான் இருக்குமாம் அப்பாயி. புல்லு போட்டா போதும்னாங்க."

"வீட்டுக்கு வந்த புள்ளைக்கு யாராச்சும் புல்லு போடுவாங்களா?"

காலையில் ரொட்டி கொடுத்தேன். பகலில் பருப்பு பிசைந்த சோறு. இடையில் கரட். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த குடும்பத்துக் காம்பராவில் கைக்குழந்தைக்காரி இருக்கிறாள். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவில் எனக்கும் கொஞ்சம் தந்தாள். அதைச் சீனி போட்டு, சுடுதண்ணீரில் பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தேன். முயல் எல்லாவற்றையும் தின்றது. என் பிள்ளைகள் ஆறில் ஒன்றும் அவ்வளவு ஒழுங்காகத் தின்றதில்லை.

வளர்த்தால் நிறுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோருடைய கொழுந்தும் நிறுத்து முடியும்வரை இருந்து, குட்டியைச் சாக்கோடு தராசில் மாட்டினேன்.

கணக்கப்பிள்ளை இளசு. "என்னா பாட்டி, காது மொளச்ச கொழுந்தால்ல இருக்கு!" என்றார்.

"பேசாம நிறுங்க தம்பி."

"ஈரத்துக்குக் கழிக்கணுமே."

"இது நனையல. சாக்குக்கு மட்டும் கழிங்க. காலம் பூரா என் கொழுந்துல கழிச்சது போதும்."

கொழுந்துப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தி அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் ஒரு புள்ளி வைத்தாள். வாரத்துக்கு வாரம் நிறுத்தோம். கோடு, மலை உச்சியில் இருக்கும் மேல் கணக்குத் தோட்டத்துக்குப் போகும் ரோட்டைப் போல ஏறியது. மருத்துவிச்சி அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஒரு காலையில் முயல் ரொட்டிக்கு வரவில்லை. மூலையில் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தது. அது படுக்கும் பெட்டிக்குள் ஒரு புழுக்கைகூட இல்லை. பேத்தி தரையில் உட்கார்ந்து அதையே பார்த்தாள்.

"எல்லாம் உங்களாலதான்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

ஆட்டோ பிடித்து, பேத்தியையும் கூட்டிக்கொண்டு டவுனில் இருக்கும் மிருக வைத்தியரிடம் போனேன். சிங்களப் பெண்பிள்ளை, மரியாதை தெரிந்தவள். என்ன சாப்பாடு என்று கேட்டாள். ரொட்டியில் தொடங்கிச் சத்துமா வரைக்கும் ஒன்றையும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். கேட்டுவிட்டு, வீட்டில் வேறு பெரியவர்கள் யாரும் இல்லையா என்றாள்.

"மேக்கா தருவெக் நெவெய் ஆச்சி, ஹாவெக்" என்றாள். இது பிள்ளை இல்லை, முயல் என்றாள். அது எனக்கும் தெரியும்.

முயலின் குடல் புல்லுக்கென்று அமைந்ததாம். நாள் முழுக்கப் புல் அரைத்தால்தான் குடல் ஓடுமாம். மாவும் சோறும் போனால் நின்றுவிடுமாம், நின்றால் உயிர் போய்விடுமாம். என் கையைப் பிடித்து முயலின் விலாவில் வைத்தாள். கொழுப்புத்தான் இருந்தது. லேசாக அழுத்தினால் எலும்பு தெரிய வேண்டும், குத்தக் கூடாது என்றாள். சாக்கின் மேல் கை வைத்தால் உள்ளே கூடையின் பிரம்பு தெரியுமே, அந்த அளவுக்கு என்று புரிந்துகொண்டேன். வளரும் குட்டி, பட்டினி போடாதீர்கள், புல் எவ்வளவும் தின்னட்டும், எடை கொஞ்ச நாள் ஏறாமல் நிற்கட்டும் என்றாள்.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"புழுக்கை போட்டால் பிழைக்கும்."

ஊசி போட்டு, வாயில் ஊற்ற மருந்தும் தந்தாள்.

அடுத்தது புல். வேலை செய்த காலமெல்லாம் தேயிலைக்குள் புல் பிடுங்கியவள் நான். இப்போது பிடுங்க ஆளில்லை, புல்லைக் கொல்ல மருந்து அடிக்கிறார்கள். ரோட்டோரத்துப் புல்லையும் நம்ப முடியாது. மருந்து படாத புல் மாதா கோயிலுக்குப் பின்னால் கல்லறைகளைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே போய் அறுத்தேன். என் வீட்டுக்காரர் தலைமாட்டில் நல்ல இளம் புல். அதையும் அறுத்தேன். உயிரோடு இருந்தபோதும் அந்த மனுசன் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

மருந்தை ஊற்றி, புல்லை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் காலையில் நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அப்பாயி! ஓடியாங்க! போட்டிருச்சு!"

போய்ப் பார்த்தேன். மிளகு அளவில் சின்னச் சின்னதாக ஏழெட்டு. பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

அடுத்த தடவை மடுவத்தில் கணக்கப்பிள்ளை, "ஒண்ணும் ஏறலியே பாட்டி, பட்டினி போடுறீங்களா?" என்றார்.

"ஏறக் கூடாது தம்பி. ஒங்களுக்கு வெளங்காது" என்றேன்.

சுவரில் கோடு படுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சரிப்படவில்லை. ரொட்டி சுடும்போது முயல் என்னைப் பார்க்கும். நான் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். விலாவைத் தொட்டால் இப்போது பிரம்பு தெரிகிறது.

பக்கத்துக் காம்பராவிலும் நேற்று ஒரு முயல்குட்டி வாங்கியிருக்கிறார்கள். சத்துமா இருக்கிற வீடு. அதனால்தான் நான் சொல்லச் சொல்லப் பேத்தியை இதை எழுத வைத்தேன்.

ஏ புள்ள, இங்க வா. எழுதினத வாசி பாப்போம். சத்தமா வாசி, அந்தப் பக்கத்துக்கும் கேக்கட்டும்.